சாயங்காலத்தில் மட்டும் உறுமிய ஆம்பிளிஃபயர்

ஆம்பிளிஃபயர் கெட்டுப்போயிருக்கிறதா, இல்லை அதைக் கேட்கிற காது கெட்டுப்போயிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எழுபதுகளின் நடுவில், ராயபுரத்தில், கொஞ்ச நாளைக்கு எனக்கு இதைத் தவிர வேறு கவலை கிடையாது. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் சிரிப்பார்கள். சிரித்தால்கூடப் பரவாயில்லை, சிரிக்காமல் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயந்தேன்.

காது எனக்கு அப்போது பிழைப்புச் சமாசாரம். துறைமுகத்தில் கான்ட்ராக்ட் ஆளாக சிப்பிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பலின் அடித்தொட்டிக்குள் குனிந்து இறங்கி, இரும்பில் ஏறிய துருவைச் சுத்தியலால் தட்டித் தட்டி உதிர்க்க வேண்டும். ஒரே தொட்டிக்குள் நாலைந்து பேர் தட்டுவோம். வெளியே வந்தால் கொஞ்ச நேரத்துக்கு யார் பேசினாலும் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். சோறு இறங்குகிற நேரத்துக்குள் சரியாகிவிடும் என்பார்கள், ஆகிவிடும்.

அந்த நரகத்திலிருந்து ஏறிப்போக ஒரு ஏணி கிடைத்திருந்தது. கிரேன் டிரைவர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நான் ஓட்டிக் காட்டினேன், அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. மெடிக்கல் டெஸ்ட் மட்டும்தான் பாக்கி. கண்ணையும் காதையும் பார்ப்பார்கள். மேலே கேபினில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே நிற்பவன் ஊதுகிற விசில் கேட்க வேண்டுமே. அந்தக் கண்ணாடிக் கூண்டில், காற்றாட, நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்க்கிற பாக்கியத்தை நினைத்தாலே எனக்கு முதுகுவலி குறையும்.

இதற்கு நடுவில்தான் ஆம்பிளிஃபயர் வந்து சேர்ந்தது.

கிட்டார் எனக்கு மாதா கோயிலில் பழகியது. பூசையில் பாடற்குழுவுக்குப் பக்கத்தில் நின்று, யார் மனமும் புண்படாமல், மெல்லத் தடவிக்கொடுக்கிற வாசிப்பு. அதுவே கிட்டார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வெளிநாட்டுக் கப்பல் ஒன்றில் சாப்பாட்டு நேரத்துக்குத் தொட்டியிலிருந்து ஏறி வந்தபோது, மாலுமிகள் சாப்பிடுகிற அறையில் ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. என்னமோ ஒன்று உறுமியது. நங்கூரச் சங்கிலி இறங்குகிற மாதிரி கனமான சத்தம், ஆனால் அதற்குள்ளே ராகம் இருந்தது. ஊசி தேய்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஊசி நன்றாகத்தான் இருந்தது. இது என்ன வாத்தியம் என்று கையால் கேட்டேன். கிட்டார் என்று மாலுமி வெறுங்கையால் வாசிக்கிற மாதிரி காட்டினான். நான் நம்பவில்லை. ரெக்கார்டின் அட்டையைக் காட்டினான். தலைமுடியை வளர்த்த நாலு பேர், அவர்களுக்குப் பின்னால் பீரோ உயரத்துக்குப் பெட்டிகள். அவன் படத்திலிருந்த பெட்டியைத் தொட்டு, விரல்களைப் பல்பு மாதிரி குவித்து, உள்ளே நெருப்பு எரிகிறது என்று காட்டினான். அப்புறம் ஒரு குமிழைக் கடைசி வரை திருகுகிற மாதிரி அபிநயம் பிடித்தான். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். பல்பு மாதிரி எரிகிற வால்வு இருக்க வேண்டும், குமிழை முழுசாகத் திருக வேண்டும்.

அந்தச் சங்கீதத்துக்கு என்ன பெயர் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. நாங்களாகவே "உறுமல்" என்று வைத்துக்கொண்டோம். நாங்கள் என்றால் மூன்று பேர். டிரம்ஸ் தட்டிய தோஸ்து வியாசர்பாடிக்காரன், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. பேஸ் கிட்டார் வாசித்துப் பாடியவன் எங்கள் தெருக்காரன், ஐஸ் கம்பெனியில் வேலை. நான் வர்ணித்ததைக் கேட்டே இருவரும் சேர்ந்துவிட்டார்கள். கேட்காத பாட்டின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த ஆட்களை நான் அப்புறம் பார்த்ததில்லை.

கல்மண்டபம் பக்கத்தில் ஒரு மைக்செட் கடை இருந்தது. கல்யாணம், கட்சிக் கூட்டம், மாதா திருவிழா எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் போகும். அப்போதுதான் டிரான்ஸிஸ்டர் செட்டுகள் புதிதாக வர ஆரம்பித்திருந்ததால், பழைய வால்வு செட்டுகளைத் தள்ளிவிட்டால் போதும் என்று கடைக்காரர் இருந்தார். ஆனாலும் நல்ல மனுஷர், எனக்குப் புதுசைத்தான் சிபாரிசு செய்தார். சூடாகாது, கனமில்லை, சுவிட்சைப் போட்ட உடனே பேசும், சத்தம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்றார். நான் வேலை முடிந்து கிட்டாரோடு போயிருந்தேன். கடையில் விளக்கு போட்டிருந்தார்கள். முதலில் டிரான்ஸிஸ்டரில் செருகிக் குமிழைத் திருகிக்கொண்டே போனேன். ஒரு இடம் வரை சாதுவாக இருந்தது, அதற்கு மேல் ஒரேயடியாகக் கிழிந்தது. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே மாதிரி எரிந்து விழுந்தது.

அடுத்து வால்வு செட்டுகள். கடையின் பின்னறையில் பெரியதும் சின்னதுமாக இரண்டு இருந்தன. பெரியதில் எவ்வளவு திருகினாலும் சத்தம்தான் கூடியதே தவிர குணம் மாறவில்லை. தெருவில் போன ரிக்‌ஷாக்காரர் நின்று உள்ளே எட்டிப் பார்த்ததுதான் மிச்சம். சின்னதில் முக்கால்வாசி திருகியதும் சத்தம் தடிக்க ஆரம்பித்தது. மெதுவாக மீட்டினால் அடக்கமாகப் பேசியது, ஓங்கி அடித்தால் உறுமியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கை சொல்வதை ஒரு பெட்டி கேட்கிறது என்பதை அன்றுதான் பார்த்தேன்.

"இன்னா நைனா, இது ஓவர்லோடு சவுண்டு. ரிப்பேருக்கு வர்ற செட்டு இப்படித்தான் கத்தும்," என்றார் கடைக்காரர். அதுதான் வேண்டும் என்றேன். அவர் என்னையும் செட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பழைய சாமான் ஒன்று தொலைந்ததே என்கிற சந்தோஷத்தைச் சிரமப்பட்டு மறைத்துக்கொண்டார்.

வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். பெட்டியை வைத்துக்கொண்டு வழிக்குக் கொண்டுவருவதுதான் பாடு. கடைக்காரர் கொடுத்த குழாய் ஸ்பீக்கரில் மாட்டினால் கிட்டார், ஓட்டுப் போடச் சொல்லித் தெருத்தெருவாகக் கத்துகிற மாதிரி இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு அங்குலத்தில் காகிதக் கூம்பு வைத்த வட்ட ஸ்பீக்கர் ஒன்றை வாங்கினேன். மணலித் தொழிற்சாலைக்கு மெஷின் வந்திறங்கிய பெட்டிப் பலகைகள் துறைமுகத்தில் கிடந்தன. கேட்டு எடுத்து வந்து, நானும் தோஸ்துமாக ஒரு ஸ்பீக்கர் பெட்டி அடித்தோம். பின்பக்கம் திறந்திருந்தபோது சத்தம் நாங்கள் வாசித்த கோடவுன் முழுக்கச் சிதறியது. பலகை வைத்து மூடியதும் தடித்த கம்பிகளின் சத்தம் நெஞ்சில் வந்து குத்தியது. செட்டில் கிராமபோனுக்கென்று இருந்த துளையில் கிட்டாரைச் செருகினால் முனகியது, மைக் துளையில் செருகினால்தான் உறுமியது. இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. ஒவ்வொன்றாகத் தப்புப் பண்ணித்தான் தெரிந்துகொண்டோம். தோஸ்துக்கு ஒருமுறை ஷாக் அடித்து, உமி மூட்டை மேல் போய் விழுந்தான்.

உமி மூட்டை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் வாசித்த இடம் ஐஸ் கம்பெனியின் பின்னால் இருந்த கோடவுன். ஐஸ் உருகாமல் மூடிவைக்க உமி மூட்டைகளை அங்கே அடுக்கியிருப்பார்கள். சுவரோரம் அவற்றை நிறுத்திவைத்தால் சத்தம் வெளியே போகாது. மூன்று பேருக்கும் வேலை முடிந்து, சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு கூடுவோம். பக்கத்தில் ஐஸ் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் எல்லாக் குமிழ்களும் சரியான இடத்துக்கு வந்து, மாலுமியின் ரெக்கார்டில் நான் கேட்ட அதே சத்தம் வந்துவிட்டது. பேஸ்காரன் பாடுவதை நிறுத்திவிட்டு நின்றான். மறுநாள் கப்பலிலிருந்து துருவுக்கு மேல் அடிக்கிற சிவப்புப் பெயின்ட் கொஞ்சம் கொட்டாங்கச்சியில் கொண்டுவந்து, குமிழ்கள் நிற்கிற இடங்களிலெல்லாம் பொட்டு வைத்தேன். இனி மாறாது என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து, தனியாகக் கோடவுனுக்குப் போனேன். மற்ற இருவரும் ஞாயிறு காலையில் கிடைக்கமாட்டார்கள். தோஸ்து வீட்டில் வாரத்துக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிற வேலை அவன் தலையில்தான், பேஸ்காரன் தூங்குவான். ஐஸ் மெஷின் நின்றிருந்தது. செட்டைப் போட்டு, குமிழ்களைப் பொட்டுக்கு நேராக வைத்து, கம்பியை ஓங்கி அடித்தேன். கோயில் கிட்டார் கேட்டது.

பொட்டைப் பார்த்தேன், குமிழ் பொட்டில்தான் நின்றது. வயரை மாற்றினேன். வால்வுகளைப் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் செருகினேன். ஸ்பீக்கர் பெட்டியைத் தட்டினேன், உதைத்தேன், தூக்கித் திருப்பி வைத்தேன். சத்தம் சுத்தமாக, கணீரென்று, பாவமன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த மாதிரி ஒலித்தது. சாயங்காலம் மூன்று பேரும் கூடியபோது, செட் கெட்டுவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்துகொண்டே கம்பியைத் தட்டினேன். உறுமியது. வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. காலையில் சாது, சாயங்காலம் ரௌடி. மூன்றாவது தடவைதான் அந்த நினைப்பு வந்தது. பெட்டியில் ஒன்றுமே மாறவில்லை. பொட்டு, வால்வு, கிட்டார், கை எல்லாம் அதேதான். மாறக்கூடியது இன்னும் ஒன்று இருந்தது, அது என் தலையின் இரண்டு பக்கத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தது. மெடிக்கலுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்புவார்கள் என்று அந்த வாரம்தான் சொல்லியிருந்தார்கள்.

இருவரையும் ஒரு ஞாயிறு காலை எழுப்பிக் கூட்டிவந்து, கேளுங்கள் என்றிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அதைத்தான் செய்யவில்லை. அவர்களுக்கும் சாதுவாகக் கேட்டால் செட் கோளாறு. அவர்களுக்கு உறுமலாகக் கேட்டு எனக்கு மட்டும் கேட்காவிட்டால்? கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். தெரியாமல் இருக்கும் வரை நான் கிரேன் டிரைவர். அதனால், என்கூட சிப்பிங் வேலை பார்க்கிற ஒருத்தனுக்குக் காலையில் காது ஒருமாதிரி, சாயங்காலம் ஒருமாதிரி இருக்கிறதாம் என்று தோஸ்திடம் சுற்றி வளைத்துச் சொல்லிவைத்தேன். அவன் ரொம்ப நேரம் யோசித்து, பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் ஊற்றச் சொன்னான். ஊற்றிக்கொண்டேன். ஒரு வாரம் பூண்டு நாற்றத்தோடு அலைந்ததுதான் கண்ட பலன். "மணலிப் பக்கத்துலருந்து காலைல காத்து இப்டித்தானே வருது, அதான் காத அடைக்கிது," என்று பேஸ்காரன் தன் பங்குக்குச் சொன்னான்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஞாயிறு காலை மட்டும் ஏன் என்று யோசித்தபோது, சற்பிரசாத அப்பம் வாங்குகிற நாளில் வெறும் வயிற்றோடு பூசைக்குப் போகிற எங்கள் வீட்டு வழக்கம் ஞாபகம் வந்தது. பசியில் காது அடைக்கும் என்பது எல்லாரும் சொல்வதுதானே. ஒரு ஞாயிறு பூசைக்கு முன்னாலேயே கடையில் நாலு இட்லியை உள்ளே தள்ளிவிட்டு, சற்பிரசாதம் வாங்காமல் பின்வரிசையில் நின்றேன். நான் ஏதோ பெரிய பாவம் செய்துவிட்டதாக அம்மா முடிவுகட்டி வாரம் முழுக்க என்னை முறைத்தாள். இட்லி தின்ற காதுக்கும் கிட்டார் சாதுவாகத்தான் கேட்டது.

வேலையிடத்தில் காதைச் சோதித்துக்கொண்டே இருந்தேன். கப்பல் ஊதுகிறதா, கேட்டது. கூட்ஸ் வண்டிகள் முட்டிக்கொள்கின்றனவா, கேட்டது. விசைப்படகு இன்ஜின், வின்ச், மேஸ்திரியின் கெட்ட வார்த்தை எல்லாம் கேட்டது. இவ்வளவும் கேட்கிற காதுக்கு ஞாயிறு காலை மட்டும் என்ன வந்தது என்று எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. என்மேலேயே எரிச்சல் வந்தது. யாராவது மெல்லப் பேசினால், என்னைச் சோதிக்கிறார்களோ என்று முறைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எண்ணூரிலிருந்து அக்கா வீட்டுக்காரர் வந்தார். மாமாவுக்கு மின்நிலையத்தில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. அங்கே மனமகிழ் மன்றத்து விழாவில் எங்களை வாசிக்கவைக்கப் பேசிவிட்டதாகச் சொன்னார். எத்தனை மணிக்கு என்றுதான் முதலில் கேட்டேன். சாயங்காலம் என்றார். உயிர் வந்தது. சாயங்காலம் என் காது ஒழுங்காக இருக்கும்.

எண்ணூர்ப் பக்கத்து நெட்டுக்குப்பத்துக்கு ஐஸ் ஏற்றிப் போகிற லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மூவரும் போனோம். மன்றத்து மேடையில் எல்லாவற்றையும் மாட்டி, குமிழ்களைப் பொட்டுக்கு நேராக வைத்தேன். முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள், ஆபீசர்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வெளியே இருட்டிவிட்டது, விளக்கெல்லாம் போட்டாகிவிட்டது. தோஸ்து குச்சியைத் தட்டி ஆரம்பித்துக் கொடுத்தான். நான் ஓங்கி அடித்தேன். கணீரென்று, சுத்தமாக, கோயில் கிட்டார்.

காலையில் மட்டும் கெட்டிருந்த காது இப்போது சாயங்காலமும் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். இனி எந்நேரமும் இப்படித்தான், கிரேன் போயிற்று, வாழ்நாள் முழுக்கத் தொட்டிக்குள் குனிந்துதான் கிடக்க வேண்டும். விரல்கள் பழக்கத்தில் தாமாக ஓடிக்கொண்டிருந்தன. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை மறைக்க டிரம்ஸ் பக்கம் திரும்பினேன். தோஸ்து தட்டிக்கொண்டே என்னை முறைத்துக்கொண்டிருந்தான். எக்கி என் முகத்துக்கு நேராகக் கத்தினான்.

"இன்னாபா சவுண்டு தண்ணியா கீது? இன்னாத்த பண்ணித் தொலச்ச?"

அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன், நடுவில் டிரம்ஸ் இருந்தது. அவனுக்கும் உறுமல் கேட்கவில்லை! பேஸ்காரனைப் பார்த்தேன், அவனும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். உறுமல் உண்மையிலேயே வரவில்லை. என் காதில் ஒன்றுமில்லை. சந்தோஷத்தில் நான் வாசித்த வாசிப்பில் பாதி தப்பு. அந்த இருவரும் மானம் போய்விட்டது என்று தலையைத் தொங்கப்போட்டிருந்தார்கள், நான் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். கூட்டமோ இதமான சங்கீதம் என்று பலமாகக் கைதட்டியது. ஒரு ஆபீசர் மேடையேறி வந்து, இந்தக் காலத்துப் பையன்களில் இவ்வளவு அடக்கமாக வாசிப்பவர்களைப் பார்த்ததில்லை என்றார். பேஸ்காரன் அழாத குறை.

அக்கா வீட்டில் மூன்று பேருக்கும் சாப்பாடு. நான் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன். மற்ற இருவரும் செட்டைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். அக்கா குழம்பு ஊற்றிக்கொண்டே, எங்கள் முகமெல்லாம் இங்கே எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்றாள்.

"நம்ம வூட்ல சாயங்காலம் ஆனா பல்பு செவந்துகினு எரியும், மீன்ல முள்ளுகூடத் தெரியாது. இங்க எப்பவும் பளிச்சுனு கீது."

கரன்ட் உற்பத்தியாகிற இடமே பக்கத்தில் இருக்கும்போது பின்னே எப்படி இருக்கும் என்று மாமா பெருமையாகச் சொன்னார். ராயபுரத்தில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கு போடுகிறார்கள், ஐஸ் கம்பெனிகள் ஓடுகின்றன, வோல்டேஜ் தொபுக்கென்று விழுந்துவிடுகிறது, இங்கே விழாது என்றார். நான் பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு பல்பைப் பார்த்தேன். ஞாயிறு காலை எந்த வீட்டிலும் விளக்கு இல்லை. ஐஸ் மெஷினும் ஓடாது. கரன்ட் முழுசாக வருகிறது. முழுக் கரன்ட் கிடைத்தால் வால்வுக்கு மூச்சு முட்டாது, முனகாமல் பேசுகிறது. சாயங்காலம் அரைவயிற்றுக்குத்தான் கிடைக்கிறது, அதனால் உறுமுகிறது. இவ்வளவுதானா? இதற்கா பூண்டு எண்ணெய் ஊற்றிக்கொண்டேன்?

ஊருக்குத் திரும்பிய பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. லீவு நாள் ஒன்றில் மத்தியானமே கோடவுனில் உட்கார்ந்து ஒரே கம்பியை அடித்துக்கொண்டிருந்தேன். பொழுது சாயச் சாயச் சத்தம் தடித்துக்கொண்டே வந்தது. தெருவிளக்கு எரிந்ததைப் பார்க்காமலே தெரிந்துகொண்டேன். பக்கத்தில் ஐஸ் மெஷின் கிளம்பியபோது கம்பியின் சத்தம் ஒரு கணம் குனிந்து நிமிர்ந்தது. அப்புறம் தோஸ்து ஒரு யோசனை சொன்னான். ஒர்க்‌ஷாப்பில் சந்தேகமான மோட்டாரைச் சோதிக்கும்போது கரன்ட் வருகிற வயரின் நடுவில் ஒரு பல்பைக் கோத்துவிடுவார்களாம், கரன்ட் அடங்கி வருமாம். பெரிய பல்பு ஒன்றைச் செட்டுக்கு முன்னால் கோத்தோம். ஞாயிறு காலை பத்து மணிக்கு, பட்டப்பகலில், உறுமியது. பேஸ்காரனைத் தூக்கத்திலிருந்து இழுத்து வந்து கேட்கவைத்தோம். பல்பை மாற்றினால் உறுமலின் அளவும் மாறியது. கண்ணை மூடிக்கொண்டே எந்தப் பல்பு கோத்திருக்கிறார்கள் என்று நான் சரியாகச் சொன்னேன். அவர்கள் இருவராலும் முடியவில்லை.

இந்தத் துறைமுகத்திலேயே என் காதுக்கு இணை கிடையாது என்கிற எண்ணம் எனக்கு வந்தது அப்படித்தான். கரன்ட் இறங்குவதைக் காதால் அளக்கிறவனுக்கு விசில் கேட்காதா? மெடிக்கலுக்கு ஆள் வந்து சொன்னதும், அம்மாவிடம் இனிப்புக்குச் சொல்லிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஜம்மென்று போனேன்.

கண் முதலில் பார்த்தார்கள். சின்ன எழுத்துவரை படித்துவிட்டேன். அடுத்து காது என்றார் டாக்டர். கருவி கிருவி வைத்துப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன், ஒன்றுமில்லை. அறையின் கடைசியில் போய், சுவரைப் பார்த்து, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார். அவர் சொல்கிற வார்த்தைகளைத் திருப்பிச் சொன்னால் போதும் என்று கம்பவுண்டர் விளக்கினார்.

போய் நின்றேன். சுவரில் பச்சைப் பெயின்ட் உரிந்திருந்தது. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது, எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். கம்பவுண்டர் வந்து தோளைத் தொட்டு, அடுத்த காதை அடைத்துக்கொள்ளச் சொன்னார். ஏன் மாற்றச் சொல்கிறார் என்று புரியவில்லை, இன்னும் முதல் காதுக்கே ஆரம்பிக்கவில்லையே. பெரிய டாக்டர், அவருக்கென்று ஒரு முறை இருக்கும் என்று மாற்றிக்கொண்டேன். மறுபடியும் நின்றேன். கேபினில் உட்காரும்போது கீழே விரிக்க ஒரு சாக்கு கொண்டுபோக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கால் கடுத்தது. கடைசியில் பொறுக்காமல் திரும்பினேன்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

"எப்போ சார் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கம்பவுண்டரைப் பார்த்தார். கம்பவுண்டர் என் பக்கத்தில் வந்து, காதருகே குனிந்து, உரக்கச் சொன்னார். "ரெண்டு காதுக்கும் சொல்லி முடிச்சுட்டாருப்பா. மெதுவாத்தான் சொல்லுவாரு, அதான் டெஸ்ட்டு."

எங்கள் பேட்டையில் யாரும் மெதுவாகப் பேசமாட்டார்கள். தொட்டிக்குள்ளும் சரி, மீன் ஏலத்திலும் சரி, வீட்டிலும் சரி, கத்தித்தான் பேசுவோம். மெல்லப் பேசுவது என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது, அது எனக்கு எப்போதோ நின்றுபோயிருக்கிறது என்பது அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. அப்போதும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கோ தப்பு நடந்திருக்கிறது, எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார் என்றுதான் நம்பினேன். மேஜைக்குக் கிட்டே போனேன்.

"என் காது நல்லா கீது சார். வோல்டேஜ் எறங்கினாகூட எனக்குத் தெரியும் சார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, ஏதோ பதில் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன், அவ்வளவு மெதுவாகச் சொன்னார். நான் சரி சார் என்று தலையாட்டினேன்.